பலகைகளும் ஒரு வளையமும்: ஜப்பானிய மர வாளி சாப்பாட்டு மேசைக்கு வந்த கதை

ஒரு ஜப்பானிய மர வாளியை எடுத்துக்கொள்வோம். பதினைந்து இருபது பலகைத் துண்டுகளை வட்டமாக நிறுத்தி, அடியில் ஒரு வட்டப் பலகையைப் பொருத்தி, வெளியே இரண்டு வளையங்களை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே தார் பூசவில்லை, அரக்கு பூசவில்லை, ரப்பர் வைத்து அடைக்கவும் இல்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய கோடு மட்டும் தெரிகிறது. தண்ணீர் ஊற்றினால் அந்தக் கோட்டின் வழியாக ஒரு சொட்டும் வெளியே வருவதில்லை.

ஏன் வருவதில்லை என்பது புரிந்துவிட்டால் இந்தக் கைத்தொழிலின் பாதி புரிந்த மாதிரி. குளிக்கும் வாளியாகவும் சோற்றுத் தொட்டியாகவும் இருந்த பொருள் இன்று ஷாம்பெயின் பாட்டிலைக் குளிர வைக்கும் கிண்ணமாகவும் பீர் கோப்பையாகவும் எப்படி மாறியது என்பதும் அதற்குப் பிறகு சுலபமாக விளங்கும். அதனால் அழகைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் தண்ணீர்.

ஒழுகாமல் இருப்பது எப்படி

வாளியின் பலகைகளை ஒன்றாக வைத்திருப்பது வெளியே உள்ள வளையம்தான். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பட்டை சுற்றிலும் இறுக்கும்போது உள்ளே இருக்கும் மரத்துண்டுகள் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நகர இடமில்லாமல் நிற்கின்றன. வாளியிலும் அதேதான் நடக்கிறது. வளையம் உள்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் ஒவ்வொரு பலகையும் தன் இரண்டு பக்கத்துப் பலகைகளையும் தள்ளுகிறது. எல்லாமே ஒன்றை ஒன்று தள்ளுவதால் எதுவும் உள்ளே விழுவதில்லை.

சக்கரப் பட்டையைச் சூடாக்கிப் போடுவார்கள். வாளி வளையத்துக்குச் சூடு தேவையில்லை, ஏனென்றால் வாளி மேலே சற்று அகன்றும் கீழே சற்று குறுகியும் இருக்கிறது. வளையத்தைக் குறுகிய அடிப்பக்கமாக நுழைத்து, கொட்டாப்புளியால் சுற்றிச் சுற்றித் தட்டி, அகன்ற பக்கம் நோக்கி ஏற்றுகிறார்கள். ஏற ஏற அது இறுகுகிறது. ஐரோப்பியப் பீப்பாயில் பலகைகளைச் சூட்டில் வளைத்து நடுவில் வயிறு தள்ள வைப்பார்கள். ஜப்பானிய வாளியில் பலகை மேலிருந்து கீழ் வரை நேராகவே நிற்கும். இறுக்கத்துக்கு அந்தச் சாய்வு மட்டுமே போதுமானது.

ஆனால் இறுக்கம் மட்டும் இருந்தால் தண்ணீர் நிற்காது. மிச்ச வேலையைத் தண்ணீரே செய்துகொள்கிறது. மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் உப்புவதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் ஏறக்குறைய இல்லை, அகலவாக்கில்தான் உப்பல் தெரியும். நிற்கும் பலகையின் அகலம் வாளியின் சுற்றளவாக அமைகிறது. எனவே ஈரம் பட்டதும் எல்லாப் பலகைகளும் பக்கவாட்டில் பெருக்கப் பார்க்கின்றன, வெளியே வளையம் விடுவதில்லை, நடுவே உள்ள கோடுகள் இன்னும் நெருங்குகின்றன. தண்ணீர் ஊற்ற ஊற்ற வாளி தன்னையே அடைத்துக்கொள்கிறது.

இதன் மறுபக்கத்தையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். நீண்ட நாள் காய்ந்து கிடந்தால் பலகைகள் சுருங்கும், வளையம் தளரும், ஒருநாள் கழன்று கீழே விழும். அலமாரியில் அழகுக்கு வைத்தால் கெட்டுப்போகிற பாத்திரம் இது. புழங்கினால்தான் பிழைக்கும். இந்தத் தொழிலை நவீன மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு குணத்தை நினைவில் வைத்திருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

எந்த மரம், எப்படி அறுத்தது

ஒரு மரத்தடியைக் குறுக்கே வெட்டினால் ஆண்டு வளையங்கள் தெரியும். அந்த வளையங்களை நேராக ஊடுருவி, நடுவிலிருந்து பட்டை நோக்கிப் பலகை எடுத்தால், பலகையின் முகத்தில் நேர்நேரான மெல்லிய ரேகைகள் வரும். வளையங்களைத் தொட்டும் தொடாமலும் ஓரமாகச் சீவி எடுத்தால் மலைமுகடு மாதிரி வளைந்த ரேகைகள் வரும். முதல் வகை மாசாமே, இரண்டாவது இதாமே. ஈரத்தில் உப்பிக் காய்ந்து சுருங்கும் அளவு முதல் வகையில் கிட்டத்தட்டப் பாதிதான். கோணிக்கொள்வதும் குறைவு.

தினமும் நனைந்து தினமும் காய்கிற வாளிக்கும் சோற்றுத் தொட்டிக்கும் அதனால் மாசாமே பலகைதான் பொருத்தம். மூடியை நிரந்தரமாக அடைத்து சாக்கே மதுவை நிரப்பி அனுப்பும் பீப்பாய்க்கு நேர்மாறாக இதாமே பலகையைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்கு இணையாக, அடுக்கடுக்கான சுவர்களாகப் படுத்திருக்கும். மது கசிவதும் ஆவியாவதும் குறையும். ஒரே மரத்தை எந்தப் பக்கமாக அறுக்கிறோம் என்பதிலேயே பாத்திரத்தின் வேலை தீர்மானமாகிவிடுகிறது.

மரங்களில் ஹினோக்கி பிரபலமானது, நல்ல வாசனை உள்ளது. ஆனால் சோற்றுக்கு அந்த வாசனை அதிகம். அதற்குச் சவாரா என்னும் மரம் ஏற்றது. ஹினோக்கியின் நெருங்கிய உறவு, எடை குறைவு, தண்ணீரைத் தாங்கும், வாசனையோ மிக லேசு. மத்திய ஜப்பானின் கிசோ பள்ளத்தாக்கில் இது நன்றாக விளைகிறது. கிசோவின் ஐந்து மரங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு: ஹினோக்கி, சவாரா, அசுனாரோ, நெசுகோ, கோயாமாக்கி. எடோ காலத்தில் (1603 முதல் 1868 வரை) அனுமதியில்லாமல் அவற்றை வெட்டினால் கடும் தண்டனை. 'ஒரு மரத்துக்கு ஒரு தலை' என்று அன்றைய கெடுபிடியை அங்கே இன்றும் சொல்கிறார்கள்.

ஐந்தில் கோயாமாக்கி தனி ரகம். தாவரவியலில் அதன் குடும்பத்தில் இன்று உயிரோடிருக்கும் ஒரே இனம் அதுதான், இயற்கையாக ஜப்பானில் மட்டுமே வளர்கிறது. ஈரத்தில் எளிதில் மக்காது. குளியல் தொட்டிக்குக் காலங்காலமாகப் பேர்போன மரம். இதைப் பற்றி மறுபடியும் பேசப்போகிறோம்.

கோணத்தைப் பிடிக்கும் வித்தை

வட்டமாக நிற்கும் பலகைகளின் விளிம்புகள் சதுரமாக இருந்தால் உள்பக்கம் முட்டி, வெளிப்பக்கம் இடைவெளி விடும். ஒவ்வொரு விளிம்பையும் லேசாகச் சரித்துச் சீவ வேண்டும். எவ்வளவு சரிவு? பள்ளிக்கூடக் கணக்காகப் போட்டால், ஒரே அகலமுள்ள 20 பலகைகள் என்றால் ஒவ்வொரு விளிம்புக்கும் 9 பாகை. 18 பலகைகள் என்றால் 10 பாகை.

ஆனால் நிஜத்தில் பலகைகள் ஒரே அகலத்தில் இருப்பதில்லை. மரத்தை ரம்பத்தால் அறுக்காமல், வளைந்த வெட்டுக்கத்தியை வைத்துத் தட்டி நார் போகிற போக்கில் பிளக்கிறார்கள். நார் அறுபடாததால் பலகை உறுதியாக இருக்கும், ஆனால் ஒன்று அகலமாகவும் ஒன்று ஒடுக்கமாகவும் வரும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் குறைத்தால் நல்ல மரம் வீணாகும். அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டாமா?

வேண்டாம். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வாளிக்காரரிடம் சிறிய மர அளவுகோல் ஒன்று இருக்கும். அதன் ஒரு பக்கம் செய்யப்போகும் வாளியின் வெளிவளைவுக்கு ஏற்ப வளைந்திருக்கும், இன்னொரு கை அந்த வட்டத்தின் மையத்தை நோக்கி நிற்கும். பலகையின் வெளிமுகத்தில் அளவுகோலை ஒட்டவைத்து, விளிம்பு அந்தக் கையோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார். பொருந்தினால் அந்த விளிம்பு மையத்தை நோக்குகிறது என்று பொருள். எல்லா விளிம்புகளும் மையத்தை நோக்கிவிட்டால் பலகைகள் அகலமோ ஒடுக்கமோ, வட்டம் தானாக மூடிக்கொள்ளும். பாகையும் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம். விட்டம் மாறினால் வேறு அளவுகோலை எடுத்தால் போதும்.

விளிம்பைச் சீவும் முறையும் வழக்கத்துக்கு மாறானது. சாதாரணமாகப் பலகையை வைத்துவிட்டு இழைப்புளியைத் தள்ளுவோம். இங்கே நீளமான இழைப்புளி வாய் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து வைக்கப்பட்டிருக்கும், கையில் பிடித்த பலகையை அதன் மேல் தள்ளுவார்கள். சிறு பலகைகளுக்கு இது வசதி. ஒரு இழுப்பில் வருகிற சீவல் காகிதத்தைவிட மெலிதாக இருக்கும். அந்த ஒரு சீவல் கூடிவிட்டாலோ குறைந்துவிட்டாலோ கோடு தெரியும், கோடு தெரிந்தால் ஒழுகும்.

பிறகு விளிம்புகளில் நுண்ணிய துளைகள் இட்டு, மூங்கில் ஆணிகளால் பலகையோடு பலகையைக் கோப்பார்கள். பழைய முறையில் சோற்றைக் குழைத்துச் செய்த பசையையும் தடவுவார்கள். இரண்டுமே வளையம் ஏறும் வரை பலகைகள் நழுவாமல் நிற்பதற்கு; கடைசிவரை சுமையைத் தாங்கப்போவது வளையம். கோத்த உருளையை உள்ளும் புறமும் வளைந்த அலகுள்ள இழைப்புளிகளால் மழிக்கிறார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு இழைப்புளி வேண்டும். ஒரு நல்ல பட்டறையின் சுவரில் நூற்றுக்கணக்கான இழைப்புளிகள் வரிசையாக நிற்பது அதனால்தான்.

அடிப்பலகையைப் பொருத்தும் விதம் இன்னொரு நுட்பம். சுவரின் உட்பக்கம் கீழே ஒரு காடி, அதாவது சுற்றிவரும் பள்ளக்கோடு, எடுத்து, அதற்குச் சற்றே பெரிய வட்டப் பலகையைத் தயார் செய்கிறார்கள். அதன் ஓரத்தைச் சுத்தியலால் சீராகத் தட்டி நாரை நசுக்கினால் ஓரம் தற்காலிகமாக மெலியும். அந்த நிலையில் காடிக்குள் அடித்து இறக்குகிறார்கள். பிறகு ஈரம் பட்டதும் நசுங்கிய நார் பழையபடி உப்பி, காடியை நிறைத்துவிடும். தச்சர்கள் பல இடங்களில் பயன்படுத்தும் உத்திதான், ஆனால் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் அதன் அருமை நன்றாகத் தெரிகிறது.

வளையம் முன்பு பெரும்பாலும் பின்னிய மூங்கிலால் ஆனது. பெரிய தொட்டிகளுக்கு இன்றும் மூங்கில்தான். சிறிய பாத்திரங்களுக்குச் செம்பு அல்லது வெள்ளி நிறமுள்ள கலப்புலோகம்.

ஊரெல்லாம் வாளியாக இருந்த காலம்

பலகைகளைச் சேர்த்துக் கட்டும் இந்த முறைக்கு முன்னால் ஜப்பானில் மரத்தைக் குடைந்தும், மெல்லிய பட்டையை வளைத்துத் தைத்தும் பாத்திரம் செய்தார்கள். குடைந்தால் மரத்தடியைவிடப் பெரிய பாத்திரம் கிடைக்காது. வளைத்தால் கனமான சுமையைத் தாங்காது. கட்டிய வாளி நடுக்காலத்தில் பரவத் தொடங்கி, மூரோமாச்சி காலத்தில் (14 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை) வேரூன்றியது. அளவுக்கு எல்லை இல்லை என்பதுதான் அது கொண்டுவந்த மாற்றம். எடோ காலத்தில் இரண்டு மீட்டர் உயரத்தொட்டிகள் சாக்கே, சோயா சாஸ், மிசோ என்னும் புளித்த சோயா விழுது எல்லாவற்றையும் பெரிய தொழில்களாக வளர்த்துவிட்டன. 30 கொக்கு (ஜப்பானின் பழைய கொள்ளளவு) கொள்ளும் தொட்டி என்றால் சுமார் 5,400 லிட்டர். புதுத் தொட்டியைச் சாக்கே வடிப்பவர்கள் முதலில் வாங்குவார்கள். இருபது முப்பது ஆண்டு கழித்து அது சோயா சாஸ் காய்ச்சுபவர்களிடம் கைமாறும், அங்கே இன்னும் நூறு ஆண்டு உழைக்கும்.

வீட்டிலும் அப்படியே. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி, சோறு வைக்கும் ஒஹிட்சு, ஊறுகாய் ஜாடி, கிணற்று வாளி, குளியல் தொட்டி, கடைசியில் இறந்தவரை உட்கார்த்தி வைத்துப் புதைக்கும் பெட்டிகூட வாளிக்காரர் செய்ததாக இருந்தது. 'காற்றடித்தால் வாளிக்காரருக்கு லாபம்' என்று ஒரு வழக்கு ஜப்பானில் உண்டு. காற்றில் புழுதி கிளம்பும், புழுதி விழுந்து பலருக்குப் பார்வை போகும், பார்வையற்றவர்கள் பிழைப்புக்கு ஷாமிசென் என்னும் தந்தி வாத்தியம் வாசிப்பார்கள், ஷாமிசெனுக்குத் தோல் வேண்டிப் பூனைகளைப் பிடிப்பார்கள், பூனை குறைந்தால் எலி பெருகும், எலிகள் வாளிகளைக் கடிக்கும். எலி எந்த வீட்டுக்குள் போனாலும் கடிப்பதற்கு ஒரு வாளி இருக்கும் என்பதை யாரும் விளக்கத் தேவையில்லாத காலம் அது.

சரிவு வந்தது மிக வேகமாக. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சாக்கே வடிப்பவர்கள் பூச்சுப் பூசிய உலோகத் தொட்டிகளுக்கு மாறினார்கள். 1955-இல் தோஷிபாவின் மின்சார அரிசிக் குக்கர் வந்தது. சோற்றைச் சூடாக வைக்கும் மின்பாத்திரங்களும் வந்தபின் ஒஹிட்சுவுக்கு வீட்டில் வேலை இல்லை. பொதுக் குளியலறைகளில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் வாளிகள் நுழைந்தன. கெரோரின் என்ற வலி நிவாரணியின் விளம்பரம் அடியில் அச்சிட்ட அந்த வாளி 1963-இல் தொடங்கி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கியோட்டோவில் நூற்றுக்கணக்கில் இருந்த வாளிப் பட்டறைகள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டன.

பெரிய தொட்டிகளின் பக்கமும் ஒரு போராட்டம் நடக்கிறது. ஷோதோஷிமா தீவில் யாமாரொக்கு என்ற சோயா சாஸ் நிறுவனத்தை நடத்தும் யாமாமோட்டோ யாசுவோ, தொட்டி செய்யும் கடைசிப் பெரிய பட்டறைகளில் ஒன்றுக்கு வாரிசு இல்லை என்று தெரிந்ததும், தச்சர்களான தன் நண்பர்களோடு 2012-இல் அங்கே போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு தங்கள் ஊரிலேயே தொட்டி கட்டத் தொடங்கினார்கள். சாஸ் காய்ச்சுபவரே தொட்டிக்காரராகவும் மாற வேண்டிய நிலைமை. நாம் பேசப்போவது சிறிய பாத்திரங்களைப் பற்றி, அங்கே விடை வேறு மாதிரி வந்தது.

இலை வடிவில் ஒரு வாளி

கியோட்டோ வாளிகளுக்கு ஏற்கெனவே மேசைப் பழக்கம் உண்டு. தேநீர் சடங்குகளும் உணவு விடுதிகளும் நிறைந்த ஊர் என்பதால் வாளிகள் அங்கே மெலிதாகவும் நேர்த்தியாகவும் வளர்ந்தன. வெந்நீரில் தோஃபுவைச் சூடாக்கிப் பரிமாறும் யுதோஃபு தொட்டி அதற்கு நல்ல சாட்சி. மரத்தொட்டியின் உள்ளேயே செம்புக் குழாய் ஒன்றை நிறுத்தி, அதில் கரி போட்டுத் தண்ணீரைச் சூடாக வைத்திருப்பார்கள். அப்படியே விருந்தினர் முன்னால் வந்துவிடும்.

தாருகென் என்ற பெயர்பெற்ற கியோட்டோ கடையில் தொழில் கற்றவர் நாகாகவா காமெயிச்சி. அவர் தொடங்கிய பட்டறையை மகன் கியோட்சுகு வளர்த்தார். 2001-இல் ஜப்பான் அரசு அவரை மரவேலைப்பாட்டுக்கான 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று அறிவித்தது. பேரன் ஷூஜி 1968-இல் பிறந்தவர். கியோட்டோ செய்கா பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்து 1992-இல் வெளியே வந்தார். வாரநாட்களில் அப்பாவிடம் வாளி, ஓய்வுநாட்களில் இரும்பில் சிற்பம் என்று பல ஆண்டுகள் ஓட்டினார். 2003-இல் பிவா ஏரியின் மேற்குக் கரையை ஒட்டிய ஹிரா மலையடிவாரத்தில் சொந்தப் பட்டறை திறந்தார்.

ஷாம்பெயின் பாட்டிலைப் பனிக்கட்டியோடு மேசையில் வைக்கும் பாத்திரத்தை மர வாளியாகச் செய்தால் என்ன என்ற யோசனை அவர் கைக்கு வந்தது. யோசனையில் ஒரு நியாயம் இருந்தது. உலோக வாளியின் வெளிப்புறம் குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் முத்துமுத்தாக வேர்த்து, மேசைவிரிப்பை நனைத்துவிடும். எஃகு கடத்தும் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இந்த மரம் கடத்தாது. வெளியே வேர்க்காது, உள்ளே பனிக்கட்டியும் மெதுவாகத்தான் கரையும். ஈரத்துக்குக் கோயாமாக்கி இருக்கிறது. வட்ட வாளியைச் செய்து கொடுத்திருந்தாலே வேலை முடிந்திருக்கும்.

ஷூஜி அங்கே நிற்கவில்லை. மேலிருந்து பார்த்தால் இலை மாதிரி, இரண்டு முனையும் கூர்மையாக முடியும் வடிவம் ஒன்றை வரைந்தார். இது எவ்வளவு வம்பான ஆசை என்று புரிய, முன்பு பார்த்த அடிப்படைகளுக்குத் திரும்ப வேண்டும்.

வளையம் எவ்வளவு அழுத்தும் என்பது அந்த இடத்தில் அது எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு கயிற்றைத் தூணில் சுற்றி இழுத்தால் தூண் நெருக்கப்படும். அதே கயிற்றை நேரான சுவரின் மேல் இழுத்துப் பிடித்தால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. வட்ட வாளியில் வளைவு எங்கும் ஒரே அளவு, அதனால் எல்லாப் பலகைக்கும் ஒரே அழுத்தம். இலை வடிவத்திலோ நீண்ட பக்கங்கள் கிட்டத்தட்ட நேராக இருக்கின்றன, அங்கே வளையம் அழுத்துவது மிகக் குறைவு. கூர்முனையில் வளைவு மொத்தமும் ஒரே புள்ளியில் குவிகிறது, அங்கே அழுத்தம் எக்கச்சக்கம். அதாவது பலகைகள் பிரிய வாய்ப்புள்ள இடத்தில் பிடிப்பில்லை, உடைய வாய்ப்புள்ள இடத்தில் அளவுக்கு மீறிய நெருக்கல்.

இன்னொரு சிக்கல் கோணம். வட்டத்துக்கு ஒரு மையம் உண்டு, ஒரே அளவுகோலில் எல்லா விளிம்பையும் சோதிக்கலாம். இலைக்கு அப்படி ஒரு மையம் இல்லை. இடத்துக்கு இடம் சரிவு மாறுகிறது, போதாததற்குப் பாத்திரம் மேல்நோக்கி விரியவும் வேண்டும். தலைமுறைகளாகக் கைகொடுத்த எளிய வித்தை இங்கே உதவாது. ஒவ்வொரு பலகையையும் அதன் பக்கத்துப் பலகைக்கென்றே தனியாகச் சீவ வேண்டும்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுச் சோதனைகளுக்குப் பிறகு அது நின்றது, தண்ணீரும் பிடித்தது. கொனோஹா என்று பெயர். 2010-இல் டோம் பெரினியோன் ஷாம்பெயின் நிறுவனம் அதைத் தன் அதிகாரப்பூர்வக் குளிர்விப்புப் பாத்திரமாக ஏற்றுக்கொண்டது. வெளிநாடுகளில் இந்தக் கைத்தொழிலின் பெயர் பரவியது பெரும்பாலும் அந்தப் பாத்திரத்தின் வழியாகத்தான்.

இதைப் பாரம்பரியத்தைவிட்டு விலகியது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பலகை, வளையம், ஈரம் என்ற மூன்றில் எதையும் அவர் விடவில்லை. பசையும் பிளாஸ்டிக் உறையும் கொண்டு இலை வடிவத்தை ஒரு வாரத்தில் செய்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அது வாளி போலத் தோன்றும் வேறொரு பொருளாக ஆகியிருக்கும். பழைய விதிக்குள்ளேயே நின்று, அந்த விதி எவ்வளவு தூரம் இழுபடும் என்று பார்த்ததால்தான் அதற்கு மதிப்பு.

2012-இல் ஷூஜியும் கியோட்டோ பகுதியின் மற்ற பழைய தொழில்களின் வாரிசுகளும் சேர்ந்து 'கோ ஆன்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். நிஷிஜின் பட்டு நெசவு, தகரத் தேநீர் டப்பா, கம்பி வலைப்பின்னல், மூங்கில் வேலை, பீங்கான் என்று ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு தொழில். டென்மார்க் வடிவமைப்பு நிறுவனமான ஓஇஓ அவர்களோடு வேலை செய்தது. அந்தக் கூட்டில் பிறந்த வாளி முறை முக்காலி ஒன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பாரிஸின் அலங்காரக் கலை அருங்காட்சியகத்திலும் நிரந்தரச் சேகரிப்பில் இருக்கிறது. பெருமைதான். இருந்தாலும் என் மனம் அவருடைய சிறு சாக்கே கிண்ணங்களிடம் போகிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் அத்தனை பலகைகளையும் சீவி, நூல் மாதிரி மெல்லிய வளையம் போட்டு, உதட்டில் வைத்தால் உறுத்தாத விளிம்போடு முடிப்பதற்குக் கை எவ்வளவு பழகியிருக்க வேண்டும்!

வடக்கே, அகித்தாவில்

கியோட்டோ மட்டுமே இதன் ஊர் இல்லை. வடக்கில் உள்ள அகித்தா மாநிலத்தில் சுகி என்னும் ஜப்பானிய தேவதாருவில் செய்யும் வாளி, பீப்பாய்த் தொழிலை 1984-இல் அரசு பாரம்பரியக் கைத்தொழிலாக அங்கீகரித்தது. குளிர்ப் பகுதியில் மெதுவாக வளர்வதால் அந்த மரத்தின் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும், முகத்தில் ரேகைகள் வரைந்த மாதிரி விழும். இயற்கைக் காட்டின் முதிர்ந்த அகித்தா சுகியை வெட்டுவது 2012-ஆம் நிதியாண்டோடு முடிந்துவிட்டது. இப்போது கையிருப்பும் நட்டு வளர்த்த மரமும்தான்.

அங்கே மேசைக்கு வந்த பொருள்களில் எனக்கு நியாயமாகப் படுவது கைப்பிடி வைத்த பீர் கோப்பை. குளிர்ந்த பீர் சீக்கிரம் சூடேறாது, கோப்பை வெளியே வேர்க்காது, மரத்தின் நுண்ணிய சொரசொரப்பில் நுரை பொடிப்பொடியாக எழும்பும். ஷாம்பெயின் பாத்திரத்தில் பார்த்த அதே காரணங்கள், அன்றாடப் பொருளுக்கு இறங்கி வந்திருக்கின்றன.

வீட்டில் ஒன்று இருந்தால்

புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது பழைய ஒஹிட்சுவைத்தான். வெந்த சோற்றைச் சுடச்சுட அதில் மாற்றினால், மிஞ்சிய ஆவியை மரம் குடித்துக்கொள்ளும். உலோகப் பாத்திர மூடியில் கோத்துச் சோற்றின் மேலேயே சொட்டும் நீர் இங்கே இல்லை. ஆறிய பிறகும் பருக்கை பருக்கையாக நிற்கும். ஆறிய சோறு நன்றாக இருந்தால் அதைத் திரும்பச் சூடாக்கவே தோன்றாது. மின்சாரத்தில் மணிக்கணக்காகச் சூட்டிலேயே வைத்து மஞ்சளித்துப்போகும் சோற்றோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

முதல்முறை பயன்படுத்தும் முன் வெதுவெதுப்பான நீரில் சிறிது வினிகர் கலந்து நிரப்பி, சில மணி நேரம் விட்டு அலசினால் புதுமரத்தின் வாசனை அடங்கும். ஒவ்வொரு முறையும் சோறு போடும் முன் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் பருக்கைகள் ஒட்டும். பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டாம். நேர் வெயில் வேண்டாம். கழுவியதும் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, நிழலில் காற்று பட வைக்க வேண்டும். உள்ளே கறுப்புப் புள்ளிகள் வந்தால் வினிகர் தடவித் தேய்த்துப் பார்க்கலாம். மரத்திலிருந்து பிசின் கசிந்தால் ஆல்கஹால் தொட்ட துணியால் போகும். ஏசி அறையில் வாரக்கணக்கில் சும்மா கிடக்க விடக் கூடாது. நாள்தோறும் பயன்படுத்த முடியாவிட்டாலும் அவ்வப்போது நனைத்து எடுப்பது நல்லது.

இத்தனை செய்தும் ஒருநாள் வளையம் நழுவினால் பதற வேண்டாம். பலகைகள் வரிசை மாறாமல் இருந்தால் வளையத்தைக் கீழிருந்து ஏற்றித் தட்டி இறுக்கிவிடலாம். பலகைகளே பிரிந்து விழுந்தால் வாளிக்காரரிடம் போக வேண்டியதுதான், அப்போதும் அது குப்பை இல்லை. ஜப்பானில் பட்டறைகளுக்குத் தாத்தா பாட்டி காலத்துச் சோற்றுத் தொட்டிகள் பழுதுபார்க்க வந்துகொண்டே இருக்கின்றன. கறுத்த உட்புறத்தை ஒரு சுற்றுச் சீவி, இற்றுப்போன பலகை ஒன்று இருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் புதியதைச் சீவிப் பொருத்தி, காடியைச் சரிசெய்து, புது வளையம் ஏற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.